கால் எட்டாத சைக்கிள்கள்

எங்கள் நிறுவனப் பணிப்பாளர் அந்தப் பிள்ளையின் அக்குளுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கி, சைக்கிள் சீற்றின் மேல் உட்கார வைத்தார். படம் பிடிப்பவர் இன்னும் கொஞ்சம் வெளிச்சப் பக்கம் திருப்பச் சொன்னார். பணிப்பாளர் ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையும் சிரித்தாள். வெள்ளைச் சீருடைக்குக் கீழே அவளுடைய இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கின. மிதியைத் தேடி வலது பாதம் ஒரு தரம் அசைந்தது. எட்டவில்லை என்று தெரிந்ததும் அசைவதை விட்டுவிட்டது. படம் எடுத்து முடிந்ததும் பணிப்பாளர் அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளை எப்படி இறங்குவது என்று தெரியாமல், ஸ்டாண்டில் நின்ற சைக்கிளின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் நான்கு அடி தள்ளி, கையில் பெயர்ப் பட்டியலோடு நின்றேன். அவளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பெயரை ஒலிவாங்கியில் வாசித்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து முன்பள்ளி டீச்சர் வந்துதான் அவளை இறக்கிவிட்டார்.

பன்னிரண்டு பதின்மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. அந்த டீச்சரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பணிப்பாளரைத் திட்டுவதில் பக்கம் தீர்ந்துவிடும். அவர் திட்டு வாங்க வேண்டியவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு அந்தப் பிள்ளையின் கால் எவ்வளவு நீளம் என்று தெரியாது. எனக்குத் தெரியும். அது என் மேசை லாச்சிக்குள் இருந்தது.

நான் அப்போது கற்பிட்டியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தொண்ணூறில் புலிகளால் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வள்ளத்தில் இந்தக் கரைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஓலைக் கொட்டில் முகாமில்தான் வளர்ந்தேன். முகாமுக்கு லொறியில் சாமான் வரும். ஒரு தடவை சப்பாத்து வந்தது. எனக்குக் கிடைத்த சோடி என் வாப்பாவுக்கும் பெரியது. "வளர்ற புள்ளதானே, வெச்சிக்க" என்று கொடுத்தவர் சொன்னார். உம்மா முனையில் தேங்காய்த் தும்பை அடைத்துத் தந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தும்பு நனைந்து ஊறி, கால் விரல்களில் புண் வந்தது. என் கால் வளர்வதற்குள் சப்பாத்தின் அடி கழன்றுவிட்டது. அளவு பார்க்காமல் கொடுக்கப்படும் பொருள் என்ன செய்யும் என்பதை யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதைச் சொல்வது என் மேல் இரக்கம் வர வேண்டும் என்பதற்காக அல்ல. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது என்பதற்காகவே சொல்கிறேன்.

குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பும் மணல் பாதையின் முடிவில் அந்த ஊர் இருந்தது. மீன் வாடிக் கொட்டில்கள், ஒரு பள்ளிவாசல், டீச்சர் நடத்திய முன்பள்ளி, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும் என்றால் மணல் பாதையைக் கடந்து, பெரிய ரோட்டில் ஏறி நாலு கிலோமீற்றர் போக வேண்டும். பஸ் வரும் நேரமும் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. பெடியன்கள் மீன் லொறியில் தொற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பொம்பிளைப் பிள்ளைகள் நடப்பார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் முகத்தில் அடிக்கும். இரண்டு மூன்று மாதம் நடந்து பார்த்துவிட்டு ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் டீச்சர்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், அண்ணன் முறையில் என்னை நானா என்று கூப்பிடுவார். அந்த ஊரின் தாய்மார் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். சைக்கிள் கேட்டு எங்கள் நிறுவனத்துக்கு மனு எழுதியதும் அவர்தான். மனு ஏற்கப்பட்ட செய்தியைச் சொல்லப் போனபோது பிளேன் டீயும் மாசிச் சம்பலோடு பாணும் தந்தார். "நானா, இந்த வருசம் ஆறுக்குப் போற ஒரு புள்ளயும் நிக்கக்கூடாது" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவர் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து ஒரு கட்டு நூலை எடுத்து என் மேசையில் வைத்தார். வலை பின்னும் நீல நைலோன் நூல், இருபத்துநான்கு துண்டுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துணித் துண்டு முடியப்பட்டு, அதில் பிள்ளையின் பெயர் பேனையால் எழுதப்பட்டிருந்தது.

"இதென்ன டீச்சர்?"

"புள்ளைங்கட கால். கவட்டுல இருந்து குதி வரைக்கும் அளந்த. சீற்றுல இருந்தா ரெண்டு குதியும் நிலத்துல படோணும். இதவிட உயரம் வந்தா வாணாம்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பொம்பிளைப் பிள்ளைகள் நீளச் சீருடையோடு காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது, அதனால் நடுவில் பார் இருக்கக் கூடாது. டயர் அகலமாக இருக்க வேண்டும், மெல்லிய டயர் மணலுக்குள் இறங்கிவிடும். கியர் வேண்டாம், உப்புக் காற்றுக்கு ஒரு மாதம் நிற்காது. நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"நானா, ஒரு புள்ள விழுந்திச்சிண்டா மத்த எல்லாப் பொம்புளப் புள்ளைங்களையும் வாப்பாமார் நிப்பாட்டிப்போடுவாங்க. அதுக்குத்தான் இவ்வளவும் சொல்ற. எங்களுக்கு ஒரு சான்ஸ்தான் இரிக்கி."

அடுத்த நாள் பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்தார். நூல் கட்டைக் காட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, மெய்யாகவே ரசித்தார். நல்ல மனுசி, இப்படியான ஆட்கள்தான் கிராமத்துக்குத் தேவை என்றார். பிறகு சைக்கிள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்றார். இறக்குமதிக்காரர் ஒருவரிடம் ஒரே மாதிரி இருபத்துநான்கு இருக்கிறதாம். இருபத்தாறு இஞ்சிச் சக்கரம், கியர் வைத்தது, சிவப்பு நிறம். வரிசையாக நிறுத்தினால் படத்தில் நன்றாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து கொடையாளிகள் வரும் தேதியும் முடிவாகிவிட்டது.

"சேர், பிள்ளைகளுக்குக் கால் எட்டாது" என்றேன். அவ்வளவு சொன்னேன், அதை நான் மறுக்கவில்லை.

"தம்பி, வளர்ற பிள்ளைகள்தானே. சின்னதா குடுத்தா அடுத்த வருசம் பாவிக்க ஏலாது. பெரிசா குடுத்தா பத்து வருசம் ஓடும். நாங்க பிரயோசனமா யோசிக்கோணும்."

எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலையை ஆட்டினேன். பொருட்களைப் பொறுப்பேற்கும் படிவத்தில் 'அளவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'பொருத்தமானது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நூல் கட்டை லாச்சிக்குள் போட்டேன். டீச்சர் இரண்டு தடவை போனில் கோல் எடுத்துக் கேட்டார். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன். இரண்டு தடவையும் அதே பொய்.

விழாவில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு பரிசு இருந்தது. காலால் உந்தி ஓடும் சின்ன ஸ்கூட்டர்கள், பத்து. கொடையாளிகளின் நாட்டில் பிள்ளைகள் நடைபாதையில் அதை ஓட்டுவார்களாம். சக்கரம் உள்ளங்கை அளவுதான். அந்த ஊரில் அது உருளக்கூடிய தரை இரண்டே இரண்டு: பள்ளிவாசலின் முன் சீமெந்து, மீன் ஏலம் போடும் சீமெந்து. விழா முடிந்து நாங்கள் வான் வண்டியில் ஏறும்போது ஒரு சின்னப் பெடியன் ஸ்கூட்டரை மணலில் வைத்து உந்தினான். அது நின்ற இடத்திலேயே நின்றது, அவன் மட்டும் முன்னால் போய் விழுந்தான். எழும்பி மறுபடியும் உந்தினான். வானுக்குள்ளிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அதைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார். அவருக்கு அது விளையாட்டாகத் தெரிந்திருக்க வேண்டும். பணிப்பாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சைக்கிள்களோடு அவர்கள் பட்ட பாடு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிலர் சீற்றை விட்டுவிட்டு, பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, நொண்டுவதுபோல ஓட்டிப் பழகினார்கள்; மற்றவர்கள் சீற்றில் ஏறி, மிதி மேலே வரும்போது மட்டும் எட்டி மிதித்தார்கள். ஏறுவதற்கு மதில், இறங்குவதற்கு மதில். மதில் இல்லாத இடத்தில் நிறுத்த வேண்டி வந்தால் குதித்துவிட்டு சைக்கிளை விழ விடுவார்கள். ஆனாலும் ஓட்டினார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது. அந்த இரண்டு மாதமும் ஒரு பிள்ளையும் நிற்கவில்லை. நாங்கள் அதை அறிக்கையில் வெற்றி என்று எழுதினோம்.

மூன்றாவது மாதம் அது நடந்தது. காலை ஏழு மணி. பணிப்பாளர் தூக்கி உட்கார வைத்தாரே, அதே பிள்ளை. வாப்பா ஐஸ் உடைக்கும் வாடியில் கூலி வேலை. பெரிய ரோட்டில் போய்க்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் வெங்காயம் ஏற்றிய லொறி வந்து ஹோர்ன் அடித்தது. அவள் ஒழுங்காக ஓரம் கட்டினாள். தார் முடிந்து மணல் தொடங்கும் விளிம்பில் முன் டயர் கத்திபோல மணலுக்குள் இறங்கி நின்றுவிட்டது. கால் எட்டும் சைக்கிள் என்றால் எந்தப் பிள்ளையும் அந்த நேரத்தில் இடது காலை ஊன்றி நின்றிருக்கும். ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான், லொறி போயிருக்கும். சீற்றின் மேலிருந்த அவளுக்கு ஊன்றுவதற்கு நிலம் இல்லை. சைக்கிளோடு சேர்ந்து ரோட்டுப் பக்கம் சாய்ந்தாள். லொறியின் பின் சக்கரம் வலது பாதத்தின் மேல் ஏறியது.

புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே பணிப்பாளரின் கோல் வந்தது. நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும் தம்பி, என்ன நடந்தது என்று உடனே ஒரு அறிக்கை தேவை என்றார். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். பிள்ளை போதிய பழக்கம் இல்லாமல் பிரதான வீதியில் ஓட்டியதாலும், வீதி ஒழுங்குகளைப் பின்பற்றாததாலும் விபத்து ஏற்பட்டது. வழங்கப்பட்ட துவிச்சக்கரவண்டி அளவிலும் தரத்திலும் பொருத்தமானது. இதை எழுதியது என் கை. நான் விபத்தைக் காணவில்லை. லொறிச் சாரதியே அவள் ஓரத்தில்தான் போனாள் என்று சொல்லியிருந்தார். பதினொரு வயதுப் பிள்ளை கொழும்பில் மயக்கத்தில் கிடந்த நேரத்தில், அவள் ஒழுங்கில்லாமல் ஓட்டினாள் என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதத்தின் பிரதி பொலிசுக்குப் போனது, அங்கிருந்து பிள்ளையின் வாப்பாவின் கைக்குப் போனது. வாப்பாவுக்கு அதை வாசித்துச் சொன்னவர் டீச்சர்.

நாலு நாள் கழித்து அலுவலக வாசலில் சத்தம் கேட்டது. யாரும் கத்தவில்லை. நிறையச் சைக்கிள்களின் செயின் ஒன்றாக உராய்ந்தால் வருமே, அந்தச் சத்தம். வெளியே வந்து பார்த்தேன். டீச்சர் முன்னால், அவருக்குப் பின்னால் தாய்மார், இருபத்துமூன்று சிவப்புச் சைக்கிள்கள். ஊரிலிருந்து அவ்வளவு தூரமும் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வெயிலில் எல்லோருடைய பர்தாவும் வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒருவர்கூட என்னோடு கதைக்கவில்லை. முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஸ்கூட்டர்கள் பத்தையும் ஒருவர் சாக்கில் கட்டித் தூக்கி வந்து வைத்தார். பிறகு டீச்சர் விறாந்தைக்கு ஏறினார். அதுவரை என்னை நானா என்று கூப்பிட்டவர்.

"சேர், நான் ஒரு சாமான் தந்தேனே. அத எடுங்க."

எனக்கு விளங்காததுபோல நின்றேன்.

"மேலிடத்துக்கு அனுப்பிய எண்டீங்க. இங்கதான் எங்கயோ இரிக்கும். எடுங்க."

உள்ளே போய் லாச்சியைத் திறந்து நூல் கட்டை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் பெயர்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். அந்தப் பிள்ளையின் பெயர் எழுதிய நூலை எடுத்தார். முற்றத்தில் நின்ற முதல் சைக்கிளின் சீற்றில் ஒரு நுனியை வைத்து மற்ற நுனியைத் தொங்கவிட்டார். நூலின் நுனிக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாண் வெளி இருந்தது. காற்றில் அந்தத் துணித் துண்டு ஆடியது.

"இதுக்கு என்ன எழுதினீங்க சேர்? பொருத்தமானது எண்டா?"

"டீச்சர், எனக்கு மேல இருந்து..."

"மேல யாரு இரிக்காங்களோ எனக்குத் தெரியா. நான் உங்கட கையிலதான் தந்த." குரல் உயரவில்லை. "அவ ஒழுங்கில்லாம ஓட்டின எண்டு எழுதியிருக்கீங்க. நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் எழுதின?"

தாய்மாரில் ஒருவர் படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். டீச்சர் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்தே திரும்பிப் போனார். நூல் கட்டையும் அவரோடு போனது.

பணிப்பாளருக்கு அறிவித்தேன். "நன்றி இல்லாத சனம்" என்றார். அந்த ஊரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அந்தச் சொல்தான் கடைசியில் என்னை எதையோ செய்யவைத்தது. நன்றி. இருபத்துநான்கு பிள்ளைகளின் காலை அளந்து, பெயர் எழுதி, முடிச்சுப் போட்டு, கேட்கப்படுவதற்கு முன்பே கொண்டுவந்து தந்தவருக்கு நன்றி இல்லை என்று அந்த மனிதர் சொன்னார். மூன்று வாரம் கழித்து நான் இரண்டாவது கடிதம் எழுதினேன். அளவு முன்கூட்டியே தரப்பட்டது, நான் அதை மறைத்தேன், முதல் அறிக்கையில் உள்ளது பொய் என்று எழுதி, பொலிசுக்கும் பிள்ளையின் வாப்பாவுக்கும் கொடுத்தேன். மூன்று வாரம் என்பதைக் கவனிக்க வேண்டும். இருபத்தொரு நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிட்டு வேலைக்குப் போனேன். அதற்குள் முதல் கடிதத்தை வைத்தே வழக்குக் கோவையை மூடிவிட்டார்கள். என் கடிதத்தை வாங்கிய பொலிஸ்காரர் மடித்து எதற்குள்ளோ செருகினார். என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதில் எனக்கு வீரம் ஒன்றும் இல்லை. பிந்தி வந்த உண்மை அந்தப் பிள்ளைக்குப் பஸ் காசுக்குக்கூட உதவவில்லை.

டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. வாப்பாமார் பிள்ளைகளை நிறுத்தினார்கள். இருபத்துநான்கு பேரில் பதினான்கு பேர் பொம்பிளைப் பிள்ளைகள், அவர்களில் ஒருத்திகூட அந்தத் தவணையில் பெரிய ரோட்டில் ஏறவில்லை. பெடியன்கள் மறுபடியும் மீன் லொறியில் தொற்றினார்கள். சைக்கிள்களை எடுத்துப்போக நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. முற்றத்திலேயே நின்று ரிம் எல்லாம் துருப்பிடித்தன. கடைசியில் டீச்சரே ஒரு லொறி பிடித்து வந்து ஏற்றிக்கொண்டு போனார் என்று காவல்காரர் பிறகு சொன்னார்.

அவரை நான் மறுபடியும் கண்டது புத்தளம் கடைத்தெருவில். வேலை தேடி அலைந்த காலம். பழைய சைக்கிள் விற்கும் ஒரு கடைக்கு முன்னால் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் டீச்சர், வீதி என்றும் பாராமல் நிலத்தில் குந்தியிருந்தார். பெரிய சைக்கிள்களைக் கொடுத்துவிட்டு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சிறியதாக மாற்றுவதற்கு வந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாகச் சீற்றில் ஏறியது. டீச்சர் தலையை நிலத்தோடு சாய்த்து, குதி படுகிறதா என்று பார்த்தார். ஒரு பிள்ளை எப்படியாவது அந்தப் பச்சைச் சைக்கிள் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் பெருவிரலை ஊன்றி நின்றாள். டீச்சர் குதிக்கும் நிலத்துக்கும் இடையில் தன் விரலை நுழைத்துக் காட்டினார். "பொய் சொல்லாத மகள். இறங்கு" என்றார். கடைக்காரருக்கு எரிச்சல்.

"டீச்சர், வளருற புள்ளதானே..."

"வளந்த பொறகு வாறம். அப்ப பெருசு தாங்க."

எதிர்ப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் நிழலில் நின்று நான் இதையெல்லாம் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். அகல டயர், நடுவில் பார் இல்லாதது, கியர் இல்லாதது, ஒவ்வொன்றும் வேறு நிறம். படம் எடுத்தால் அழகாக இருக்காது. இவ்வளவுதான் வேலை. ஒரு கடை, ஒரு காலை நேரம், குந்தியிருந்து பார்க்க ஒரு ஆள். இதைச் செய்வதற்கு எங்களிடம் வானும் அலுவலகமும் இருந்தன, சம்பளம் வாங்கும் ஏழு பேர் இருந்தோம். ரோட்டைக் கடந்து போய் ஒரு சைக்கிளையாவது பிடித்துக் கொடுத்திருக்கலாம். போகவில்லை. அவர் என்னைக் கண்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைக்கப் பயமாக இருந்தது.

பதினான்கு பேரில் பத்துப் பேர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு வீடாகப் போய் டீச்சர் கதைத்தாராம். சைக்கிள் குறைவு என்பதால் சிலர் இருவர் இருவராகப் போனார்கள். நாலு பேர் திரும்பவே இல்லை. அதில் ஒருத்திக்குப் பதினேழு வயதில் கலியாணம். பாதம் போன பிள்ளை அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி. அவளை வாப்பா தன் சைக்கிளின் பின்னால் வைத்துக் கொண்டுபோய் விட்டார், ஐந்து வருடம். இப்போது கற்பிட்டியில் ஒரு தையல் கடையில் கணக்கு எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளிடம் போய் நிற்க எனக்கு இன்னும் முகம் இல்லை.

நான் இப்போது முந்தல் என்ற ஊரில் ஒரு ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். குழாய், கம்பி, இறால் பண்ணைக்கு வலை. கடந்த மாதம் எங்கள் பகுதி நலன்புரிச் சங்கத்தின் தலைவர் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர், என்னைவிட இருபது வயது மூத்தவர். கடலோரப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறோம், ஒரு ஹோட்டல்காரர் தந்திருக்கிறார், மேடையில் உட்கார நீங்களும் வர வேண்டும் என்றார். சைக்கிள் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கியாகிவிட்டது என்றார். கடையைப் பூட்டினேன். அவர் ஏன் என்று கேட்டார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

முப்பது சைக்கிள்கள், எல்லாம் ஒரே அளவு. சைக்கிள் கிடைக்கவிருந்த பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக ஏறச் சொன்னேன். பின்னால் வந்து சேர்ந்த தலைவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, வளர்ற பிள்ளைகள்தானே" என்றார்.

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்பது முழுதாக நினைவில்லை. வயதில் மூத்தவரிடம் சொல்லக் கூடாதவை சிலவும் அதில் இருந்தன. உங்கள் பேரப்பிள்ளைக்கு இப்படித்தான் வாங்குவீர்களா என்று கேட்டது நினைவிருக்கிறது. மண்டபத்தில் சனம் கூடிவிட்டது. பள்ளிக்கூட அதிபர் என் தோளைப் பிடித்தார். சும்மா கிடைக்கிற சாமானுக்கு இவ்வளவு குற்றம் சொல்கிறானே, குழப்பக்காரன் என்று யாரோ சொன்னார்கள். நான் போகவில்லை. முப்பது பேரில் பதினொரு பிள்ளைகளுக்குக் கால் எட்டாது என்று எழுதி, அந்தக் கடதாசியில் தலைவரின் கையெழுத்தை வாங்கும்வரை கதவடியிலேயே நின்றேன். விழாவைப் பத்து நாள் தள்ளிப் போட்டார்கள். அந்தப் பதினொரு சைக்கிளும் மாற்றுவதற்குத் திரும்பிப் போயின.

அன்று பின்னேரம் டீச்சருக்குக் கோல் எடுத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. இலக்கத்தைக் கற்பிட்டியிலிருந்து கடைக்குச் சாமான் எடுக்க வரும் ஒருவரிடம் வாங்கியிருந்தேன். என் பெயரைச் சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியும். ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மிச்சப் பத்தொம்பதும் சரியா?" என்றார்.

"ஓம் டீச்சர். குதி படுது. டயரும் அகலம். பிரேக்கும் அமத்திப் பாத்தேன், நல்லாப் பிடிக்கிது."

"யாரு அமத்தின?"

"நான்தான்."

"உங்கட கையாலயா?"

நான் என் கையைப் பார்த்தேன்.

"புள்ளைங்கட கையால அமத்திப் பாருங்க" என்றார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே போனேன். தலைவரையும் வரச் சொல்லியிருந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார். பத்தொன்பது பிள்ளைகளையும் கூப்பிட்டு, சைக்கிளில் உட்கார வைத்து, பிரேக்கை அமத்தச் சொன்னேன். ஏழு பிள்ளைகளின் விரல்கள் பிரேக் பிடியைச் சுற்றிப் போகவில்லை. எட்டு வயது இருக்கும் ஒரு பெடியன், இரண்டு கையாலும் ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்து அமத்தினான். சக்கரம் நிற்காமல் உருண்டது. தலைவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். தன் கையால் அமத்தினார், சக்கரம் நின்றது. மறுபடி பெடியனை அமத்தச் சொன்னார், உருண்டது. பிறகு என்னோடு கதைக்காமலே அந்த ஏழையும் சுவரோரம் தள்ளி வைத்தார். லொறிக்காரரை வரச் சொல்லி அவரே கோல் எடுத்தார்.

நான் மண்டபப் படியில் உட்கார்ந்தேன். என் கோபம் இவ்வளவு வருடமாக என்னிடமே இருந்தது. அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதை வைத்து முந்திய நாள் ஒரு மண்டபத்தையே அதிர வைத்தேன். அப்படியிருந்தும் என் கையால்தான் அமத்திப் பார்த்திருந்தேன்.